பனிச்சறுக்குப் பருவம்: புறப்படும் முன், திரும்பிய பின்

வான்கூவருக்குப் பக்கத்தில் பர்னபியில் எங்கள் வீடு. நவம்பர் கடைசியில் விஸ்லர் பிளாக்கோமில் லிஃப்ட் ஓடத் தொடங்கினால், மே மாதம் வரை நண்பர்களாகிய எங்கள் ஐந்து பேருக்கும் வார இறுதி என்றாலே பனிமலைதான். முதலில் ரிசார்ட். ஜனவரி பிறந்து பனி நன்றாகப் படிந்த பிறகு, லிஃப்ட் இல்லாத மலைகளில் நாங்களே ஏறி நாங்களே சறுக்கி இறங்கும் பேக்கன்ட்ரி. மலையில் ஒரு நாள் நல்லபடியாகக் கழிவது முந்தின நாள் ராத்திரி வீட்டில் செய்த வேலையைப் பொறுத்தது. இதை நாங்கள் பல பருவங்களாகப் பார்த்துவிட்டோம். புதிதாக ஸ்கீ பழகுகிறவர்களுக்கும், நண்பர்களோடு பேக்கன்ட்ரி பக்கம் போக நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. சீசன் பாஸ் வாங்குவதைப் பனி விழும்வரை தள்ளிப்போடாதீர்கள். விஸ்லரில் செல்லும் எபிக் பாஸ் வசந்த காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். பருவம் நெருங்க நெருங்க விலை ஏறி, டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனையை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் டிக்கெட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அது கையைக் கடிக்கும்.

2. ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்கள் இன்னும் சீக்கிரம் விறைக்கும். காலுறை மடிப்பு விழாமல் இருக்கட்டும். உள்ளே மாட்டும் பேன்ட்டின் கால் நுனியை பூட்ஸுக்குள் திணிக்க வேண்டாம். ஒரு சின்ன மடிப்பு மதியத்துக்குள் கணுக்காலில் கொப்புளமாகிவிடும்.

3. பூட்ஸைக் காரின் டிக்கியில் போடாதீர்கள். உறைந்துபோன பிளாஸ்டிக்கைக் காலை ஏழு மணிக்கு விரித்துக் காலை நுழைப்பது பெரும் பாடு. பயணிகள் உட்காரும் பகுதியில், கால் வைக்கும் இடத்தில், ஹீட்டர் காற்று படும்படி வையுங்கள். மற்றதெல்லாம் டிக்கிக்குப் போகலாம்.

4. வீடு திரும்பியதும் பூட்ஸிலிருந்து லைனரைக் கழற்றி, அடியில் இருக்கும் இன்சோலையும் எடுத்து, மூன்றையும் தனித்தனியாகக் காய வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காலில் ஊறிய வியர்வை லைனருக்கும் ஓட்டுக்கும் நடுவில்தான் தேங்கி நிற்கும். ஹீட்டர் மேலோ கணப்பு அடுப்பின் பக்கத்திலோ வைக்கக் கூடாது. பல லைனர்கள் சூட்டில் இளக்கிக் கால் வடிவத்துக்கு வார்க்கப்பட்டவை, அதிகச் சூடு பட்டால் அந்த வடிவம் போய்விடும். அவசரத்தில் ஒரு முறை என் லைனர்களை ஹீட்டருக்கு அருகில் வைத்துவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க இடது காலின் சுண்டுவிரல் பக்கம் வலிதான். சாதாரண மேஜை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு அதன் முன்னால் வைத்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். திரும்ப மாட்டியதும் பக்கிள்களைத் தளர்வாகப் பூட்டி வையுங்கள். திறந்தபடி விட்டால் பிளாஸ்டிக் ஓடு கோணிக்கொள்ளும்.

5. கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று கையில், ஒன்று பையில். நனைந்ததைக் காய வைக்க, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அரை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிறகு காலி பாட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தால் விரல் நுனி வரை காற்று போகும். தோல் கையுறைக்கு மாதம் ஒரு முறை தேன்மெழுகு தடவுங்கள்.

6. காகிள்ஸின் உள்பக்கத்தைத் துடைக்கவே கூடாது. உள்ளே ஆவி படியாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு பூசியிருப்பார்கள், துணி பட்டதும் அது கீறிவிடும். பனி புகுந்தால் உதறிவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வியர்த்த நெற்றியின் மேல் ஏற்றி வைப்பதும் தவறு, ஆவி பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடலோர மலைகளில் மேகம் இறங்கி எல்லாம் ஒரே வெள்ளையாகும் நாட்கள் அதிகம் என்பதால், மங்கலான வெளிச்சத்துக்கான லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

7. ஸ்கீயின் அடிப்பாகத்துக்கு மெழுகு போடுவதை வீட்டிலேயே செய்யலாம். நான் விரும்பிச் செய்யும் வேலை இது. மெழுகுக்கென்றே தனி இஸ்திரிப் பெட்டி வாங்குங்கள். துணிப் பெட்டியின் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதன் அடியில் ஆவித் துளைகளும் உண்டு. மெழுகுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் வெப்பத்துக்கே பெட்டியை வையுங்கள். பெரும்பாலும் அது 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெட்டியை ஓர் இடத்திலும் நிறுத்தாமல் முனையிலிருந்து வால் வரை இழுத்துக்கொண்டே போங்கள். ஸ்கீயின் மேல்பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் முனையிலிருந்து வால் பக்கமாகச் சுரண்டி, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். சுரண்டியது போதும் என்று தோன்றிய பிறகும் மெழுகு வரும். அதையும் எடுத்துவிடுங்கள். சறுக்குவதற்கு வேண்டிய மெழுகு அடிப்பாகத்துக்குள் ஊறியிருக்கும். தரையில் பழைய துணி விரிக்க மறக்காதீர்கள். மெழுகுத் துருவல் விழுந்த தரை காலை வாரிவிடும்.

8. மெழுகு வாங்கும்போது ஃப்ளோரின் கலக்காதது என்று பார்த்து வாங்குங்கள். ஃப்ளோரின் மெழுகில் இருப்பவை இயற்கையில் எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள். பனியோடு உருகி நீரிலும் மண்ணிலும் தங்கிவிடும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. பந்தயத்துக்கே வேண்டாம் என்று சொன்ன பொருளை நம் வீட்டு அறையில் சூடாக்கி மூச்சில் இழுக்க வேண்டாம்.

9. ஓரத்து எஃகு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். இறங்கியதும் ஒரு பழைய துண்டால் துடையுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டு மூடிவிட்டால், மறு வாரம் செம்பழுப்புக் கோடு தெரியும்.

10. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் விடுவிப்பு அளவை மட்டும் வீட்டில் திருகாதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாம் பார்த்துத் தீர்மானிக்கிற எண் அது. இறுக்கமாக இருந்தால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும், தளர்வாக இருந்தால் நடுச்சரிவில் கழன்றுவிடும். புது பூட்ஸ் வாங்கினால் பழைய அளவு செல்லாது. ஒரு முறை வாடகைக் கடையில் என் தோழியின் எடையைத் தவறாகக் குறித்துக்கொண்டு பைண்டிங்கை அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று காலை மூன்று முறை காரணமே இல்லாமல் ஸ்கீ கழன்றது. அதிலிருந்து, விண்ணப்பத் தாளில் கடைக்காரர் எழுதியதை நாங்கள் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

11. மழைக்கோட்டு வகை ஜாக்கெட்டைச் சாதாரண சலவைத்தூளில் துவைக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் திரவத்தில் துவைத்து, டிரையரில் குறைந்த சூட்டில் சுற்றவிட்டால் தண்ணீர் ஒட்டாத பூச்சு மீண்டும் உயிர்பெறும். வாத்து இறகு ஜாக்கெட் என்றால் இரண்டு டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போடுங்கள், இறகு கட்டி தட்டாது.

12. ஊரிலிருந்து விருந்தினர் வந்து ஆசையாகக் கேட்டால் கூட்டிப்போங்கள். ஆனால் அவர்களுடைய பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டினால்தான் சேர்ப்பார்கள். முதல் நாள் பாடத்தை நண்பர்கள் நடத்த வேண்டாம், ரிசார்ட்டின் பயிற்சியாளரிடம் ஒப்படையுங்கள். நட்பும் பிழைக்கும், முழங்காலும் பிழைக்கும்.

13. சாப்பாடு. மலை உச்சி உணவகத்தில் ஐந்து பேர் சாப்பிடும் காசில் வீட்டுக்கு ஒரு வார மளிகை வாங்கலாம். நாங்கள் கட்டுச்சோறுதான். ஆனால் குளிரில் சோறு விறைத்துப் பருக்கை பருக்கையாக உதிரும். புளியோதரையைச் சாதாரண டப்பாவில் கொண்டுபோய் வாயில் போட்டால் அரிசியை மெல்வது போலிருக்கும். வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி, அதில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு சோற்றை அழுத்தி நிரப்புங்கள். எந்த அளவு நிறைகிறதோ அந்த அளவு சூடு நிற்கும். பொங்கல், கிச்சடி போன்ற குழைவானவை இதற்கு இன்னும் பொருத்தம். ஏறும்போது நின்று சாப்பிட நேரமில்லாத நாட்களுக்கு, வறுத்த முந்திரி, திராட்சை, சின்னச் சின்னத் துண்டாக உடைத்த வெல்லம் ஆகியவற்றை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் குளிரில் கல்லாகிவிடும், பல் பத்திரம்.

14. சுக்குமல்லிக் காபி ஒரு லிட்டர், சர்க்கரை சற்றுத் தூக்கலாக. ஏறி முடித்து வியர்வை ஆறும் அந்தப் பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும். அப்போது ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுங்கள்.

15. தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், மூடிப் பக்கம் திறந்து குடிக்க வரும். ரப்பர் குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்றால், ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் இருக்கும் நீரை ஊதி உள்ளே தள்ளிவிடுங்கள்.

16. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் வெயில் கீழிருந்தும் சுடும். மூக்கின் அடியில், தாடைக்குக் கீழே, காது மடலில் சன்ஸ்கிரீன் பூசுங்கள். மேகம் மூடிய நாளிலும் பூசத்தான் வேண்டும்.

17. வான்கூவரிலிருந்து விஸ்லருக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஸீ டு ஸ்கை நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் குறைந்தது மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம், பட்டை ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சனிக்கிழமை ஐந்தரைக்கு முன் நகரத்தைத் தாண்டிவிட்டால் நெரிசல் இல்லை. காரில் ஒரு மண்வாரி, போர்வை, கண்ணாடி துடைக்கும் திரவம். டயர் சங்கிலி இருந்தால் அதை வீட்டு வாசலில் ஒரு முறை மாட்டிப் பழகிவிடுங்கள். எல்ஃபின் ஏரிகளுக்குப் போகும் டயமண்ட் ஹெட் மண்சாலையில் அது கட்டாயம் தேவைப்படும்.

18. ரிசார்ட்டில் பிரிந்துபோனால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் ரவுண்ட்ஹவுஸ் உணவக வாசல், பன்னிரண்டரை மணி என்று வைத்திருக்கிறோம். 2008 டிசம்பரில் திறந்த பீக் டு பீக் கோண்டோலா விஸ்லர், பிளாக்கோம் இரண்டு மலைகளையும் 11 நிமிடத்தில் இணைக்கிறது. ஒருவர் இங்கே, இன்னொருவர் அங்கே என்று ஆகிவிடுவது சுலபம். போன் பேட்டரி குளிரில் திடீரென்று செத்துவிடும் என்பதால் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

19. ரிசார்ட் எல்லைக்குள்ளேயே இருக்கிற ஆபத்து மரக்குழி. பெரிய ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி உருவாகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக உள்ளே விழுந்தவர், மேலே இருக்கும் பனி சரிந்து மூட, கையைக்கூட அசைக்க முடியாமல் மூச்சுத் திணறுவார். இதைச் சோதிக்கத் தன்னார்வலர்களை மரக்குழிக்குள் இறக்கிப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேரால் தாங்களாக வெளியேற முடியவில்லை. ஆகவே புதுப்பனி கொட்டிய நாளில் மரங்களுக்கிடையே போனால் இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் எப்போதும் தெரிய வேண்டும். கீழே போய்க் காத்திருப்பது உதவாது, அங்கிருந்து மேலே ஏறி வருவதற்குள் நேரம் போய்விடும். ஊன்றுகோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். கழுத்தில் விசில் இருக்கட்டும். விழுந்துவிட்டால் கிளையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் கையால் காற்று இடைவெளி உண்டாக்கி, துடிக்காமல் இருங்கள். காப்பாற்றுகிறவர் காலைப் பிடித்து மேலே இழுக்க முயல வேண்டாம், பக்கவாட்டில் தோண்டி முதலில் மூக்கையும் வாயையும் திறந்துவிட வேண்டும்.

20. கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். மறுபக்கம் இருப்பதும் அதே பனிதானே என்று தோன்றும். கயிற்றுக்கு இந்தப் பக்கத்துச் சரிவில் பனியைக் குண்டு வைத்து முன்கூட்டியே சரித்துவிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் யாரும் அதைச் செய்வதில்லை, ரோந்துக்காரர்களும் கிடையாது.

21. பேக்கன்ட்ரிக்குப் போக விரும்பினால் முதல் செலவு ஸ்கீ அல்ல, வகுப்பு. அவலாஞ்ச் கனடா வகுத்த ஏ.எஸ்.டி. 1 என்ற பனிச்சரிவுப் பயிற்சி இரண்டு நாள். ஒரு பகுதி அறையில், ஒரு பகுதி மலையில். குழுவில் ஒருவர் படித்தால் போதாது. புதைந்துபோவது அந்த ஒருவராகவே இருக்கலாம்.

22. அவலாஞ்ச் கனடா, பருவம் முழுக்க ஒவ்வொரு நாளும் மாலை 4 மணி வாக்கில் மறுநாளுக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பை வெளியிடுகிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி இட்லி வேகும் நேரத்தில் ஐந்து பேரும் போனில் கூடுவோம். முறை வைத்து ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆபத்து 1 முதல் 5 வரை. உச்சிப்பகுதி, மரங்கள் முடியும் எல்லை, காட்டுப்பகுதி மூன்றுக்கும் தனித்தனி எண். எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. கீழே எந்தப் பனி அடுக்கு பலவீனமாக இருக்கிறது, எந்தத் திசை நோக்கிய சரிவில் காற்று பனியைக் குவித்திருக்கிறது என்று விளக்கியிருப்பார்கள், உயிர் அந்த வரிகளில்தான் இருக்கிறது. 3 என்றால் நடுவில் இருக்கும் எண்தானே என்று நினைக்க வேண்டாம். மனிதர் காலடி பட்டே பனி சரிய நல்ல வாய்ப்பு இருக்கிற நிலை அது. விபத்துகள் பல நடப்பது அந்த எண்ணில். 3 வந்தால் நாங்கள் 30 டிகிரிக்குக் குறைவான சரிவுகளை, அதுவும் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத இடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம்.

23. போகும் தடத்துக்கும் ஒரு தரம் உண்டு. எளிது, சவாலானது, சிக்கலானது என்று மலைப்பகுதிகளைப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பு வந்ததற்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று ராஜர்ஸ் கணவாயை ஒட்டிய கொனாட் கிரீக் பள்ளத்தாக்கில் மேலிருந்து இறங்கிய பனிச்சரிவு 7 பள்ளி மாணவர்களைக் கொன்றது. அவர்கள் நடந்தது பள்ளத்தாக்கின் அடியில். சரிந்தது எங்கோ உயரத்தில். அதன் பிறகுதான் பார்க்ஸ் கனடா இந்தத் தரப்பட்டியலை உருவாக்கியது. முன்னறிவிப்பின் எண்ணையும் தடத்தின் தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

24. மூன்று கருவிகள் ஒவ்வொருவர் உடம்பிலும் பையிலும் இருக்க வேண்டும்: புதைந்தவரைச் சிக்னல் மூலம் தேட பீக்கன், பனியில் குத்திப் பார்க்க நீண்ட கம்பான ப்ரோப், தோண்ட ஷவல். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், பிறகு அது சரசரவென்று இறங்கும். அந்த நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வராது. பக்கத்தில் இருக்கிற நண்பர்தான் மீட்புக்குழு. ப்ரோப் 240 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஷவல் உலோகத்தில் வேண்டும், சரிந்து இறுகிய பனி சிமென்ட் போல் இருக்கும், பிளாஸ்டிக் உடையும்.

25. பீக்கனுக்குப் புது அல்கலைன் பேட்டரிதான். தயாரிப்பாளர் கையேடு அனுமதித்தால் ஒழிய, ரீசார்ஜ் செய்யும் வகையைப் போடாதீர்கள். அதன் சக்தி திடீரென்று விழும், திரையில் தெரியும் சதவீதமும் பொய்யாகும். போன பருவத்தில் ஒரு நாள், எல்ஃபின் ஏரிகளுக்குப் போகும் வண்டி நிறுத்தத்தில், விடியாத இருட்டில் எல்லோரும் வட்டமாக நின்று பீக்கனைப் போட்டோம். “மச்சி, என்னோடது நாற்பத்தொண்ணுதான் காட்டுது” என்றான் எங்களில் ஒருவன். மாற்று பேட்டரி யாரிடமும் இல்லை. 60-க்குக் கீழே இருந்தால் சரிவில் கால் வைப்பதில்லை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. யாரும் வாதாடவில்லை. ரெட் ஹெதர் குடில் வரை, மரங்களுக்கிடையே போகும் பழைய சாலையிலேயே ஐந்து கிலோமீட்டர் ஏறி, அங்கே விறகு அடுப்பில் குளிர்காய்ந்து காபி குடித்துவிட்டு, வந்த வழியே இறங்கினோம். அன்றிலிருந்து ஒரு ஜோடி புது பேட்டரி ஒவ்வொருவர் முதலுதவிப் பையிலும் இருக்கிறது.

26. போன், ஸ்மார்ட் வாட்ச், சூடாக்கும் கையுறை எல்லாம் பீக்கனுக்கு இடைஞ்சல். அணிந்திருக்கும்போது அவை 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். பீக்கனை உள்சட்டையின் மேல் மாட்டுங்கள், வெளி ஜாக்கெட்டின் பையில் அல்ல.

27. தேடிப் பழகுவதற்கு மலை வேண்டாம். பனி கொட்டிய ஒரு மாலையில் பக்கத்துப் பூங்காவில் ஒரு பீக்கனைப் பைக்குள் வைத்துப் புதைத்து, கடிகாரம் பார்த்துத் தேடுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் ஒளிந்து பிடிக்கும் ஆட்டமாக ஆர்வத்தோடு தேடுவார்கள். ப்ரோப் ஆளைத் தொட்டதும் அதை உருவாமல் அப்படியே விட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து ஆளை நோக்கித் தோண்டிக்கொண்டு போங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் அவர் மேலேயே மிதிப்போம்.

28. ஏறுவதற்காக ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின், பசையை நம்பி இருக்கிறது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பசை கெடும். வீடு வந்ததும் குளியலறைக் கொடியில், பசைப்பக்கம் எதிலும் படாமல் தொங்கவிட்டு, ஈரம் போனதும் பசையோடு பசை ஒட்டுமாறு மடித்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாய், பூனை வளர்க்கும் வீட்டில் கதவைச் சாத்துங்கள், ரோமம் ஒட்டினால் எடுப்பது கடினம். மலையில், ஒரு முறை இறங்கிய பிறகு மறுபடி ஏற வேண்டியிருந்தால் ஸ்கின்னைப் பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்து இறங்குங்கள், உடம்புச் சூட்டில் பசை உயிரோடு இருக்கும். ஈரப்பனி அடியில் கட்டி கட்டியாக ஒட்டினால் ஸ்கின் மெழுகை ரோமம் போகும் திசையில் தேயுங்கள்.

29. குழு மூன்று முதல் ஐந்து பேர். அதற்கு மேல் போனால் பேச்சு சிதறும். ஐயமுள்ள சரிவில் ஒருவர் இறங்கி முடித்துப் பாதுகாப்பான இடத்தில் நின்ற பிறகே அடுத்தவர். ஒருவர் “வேண்டாம்” என்றால் திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கலாம், கெஞ்சக் கூடாது. எங்கள் குழுவில் அதிகம் “வேண்டாம்” சொல்பவர் செவிலியராக வேலை பார்க்கும் தோழி. அவரை நாங்கள் விடாமல் அழைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

30. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள். எந்த மலை, எந்தத் தடம், காரின் எண், யார் யார், எத்தனை மணிக்குள் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் 911-க்கு அழைக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலை மீட்புக்குழுக்கள் தன்னார்வலர்கள், மீட்டதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. செலவுக்குப் பயந்து அழைக்கத் தாமதிக்க வேண்டியதில்லை என்று வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

31. ராஜர்ஸ் கணவாய்க்குப் போகிறவர்கள் பார்க்ஸ் கனடாவின் குளிர்கால அனுமதிச்சீட்டு விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 1910 மார்ச் 4 அன்று ரயில் பாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்த 58 தொழிலாளர்கள் அங்கே புதைந்து இறந்தார்கள். இன்று அங்கே நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சரிவுகளைச் சுட்டுப் பனியை இறக்குகிறது. குண்டு விழும் பகுதிகள் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பது நாளுக்கு நாள் மாறும். புறப்படும் காலையில் மறுபடி பாருங்கள்.

32. மார்ச், ஏப்ரலில் பனி ராத்திரி இறுகி, வெயில் ஏற ஏற இளகும். விடியுமுன் ஏறத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். பூட்ஸ் கணுக்கால் வரை புதையத் தொடங்கினால் அந்தச் சரிவை விட்டு விலக நேரமாகிவிட்டது.

33. பருவம் முடிந்ததும் ஸ்கீயைக் கழுவித் துடைத்து, மெழுகைத் தடிமனாகப் போட்டுச் சுரண்டாமல் அப்படியே விடுங்கள். அடிப்பாகம் கோடை முழுக்க வறளாது, ஓரத்து எஃகையும் மெழுகு மூடிக் காக்கும். ஸ்கின்களை வெயில் படாத, குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். பீக்கனிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கிடந்து கசிந்தால் கருவி பாழ். கழற்றிய பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்கு உதவும். நவம்பரில் புதியதுதான் போட வேண்டும்.